தலையெழுத்து

குவாலன் தீவுக்கு இணையம் வருவது
எதிர்க்குன்றுக் கோபுரத்திலிருந்து, காற்று வழியாக.
நல்ல நாளில் நாற்பது மெகாபிட்.
மழை நாளில் பதினாறு.
சிலியின் இந்தத் தெற்குக் கரையில்
மழை நாள் என்று தனியாக யாரும் சொல்வதில்லை.

நான் நோல்ஃபா மில்லாலோங்கோ.
நகராட்சிக் கொட்டகையில், விறகடுப்பை ஒட்டி,
ஒரு ரவுட்டர், இரண்டு சுவிட்ச், என் பொறுப்பு.
எது முந்தலாம் எது நிற்கலாம் என்று
ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும்
ஆறு பிட்டில் எழுதுகிறேன்.
உள்ளே இருப்பதைப் படிப்பதில்லை;
எல்லாம் பூட்டித்தான் வருகிறது.
நடையை வைத்து ஆளைச் சொல்கிறேன்.

இருபது மில்லிநொடிக்கு ஒன்றாக,
சின்னதாக, ஒரே அளவில், இடிக்காமல் வந்தால்
அது குரல்.
செவிலி எல்சிரா, கடலுக்கு அப்பால்
மருத்துவரிடம் ஏதோ கேட்கிறாள்.
நாற்பத்தாறு என்று எழுதி முன்னே விடுகிறேன்.
பிந்திய குரலை வைத்துக்கொண்டு
யாரும் எதுவும் செய்ய முடியாது.

குண்டுகுண்டாக, கூட்டமாக,
கிடைத்த இடமெல்லாம் கால் நீட்டிக்கொண்டு வந்தால்
யாரோ படம் இறக்குகிறார்கள். பூஜ்யம்.
சனிக்கிழமைப் பந்தாட்டத்துக்கு மட்டும் முப்பத்துநான்கு.
நானும் பார்க்கிறேன் அல்லவா.

ஜூனில் எல்சிராவின் குரல் உடைந்து வந்தது.
நோல்ஃ… கேட்… ரத்த அழு…
வரிசையைத் திறந்து பார்த்தேன்.
முன்வரிசை முழுக்க சால்மன் மீன்கள்.
வளைகுடாவில் மிதக்கும் பண்ணையின் முப்பது கேமராக்கள்
தங்கள் தலையில் தாங்களே
நாற்பத்தாறு எழுதிக்கொண்டு வந்திருந்தன.
எல்லாரும் பல்லக்கில் ஏறியாயிற்று.

தலையெழுத்தை அழிக்க முடியாது என்பவர்கள்
சுவிட்சைத் தொட்டதில்லை.
பண்ணைக் கம்பி நுழையும் துளையிலேயே மூன்று வரி:
வருகிறவன் சொல்வதை நம்பாதே.
அழி.
எட்டு என்று எழுது.
முன்வரிசைக்கும் மூன்றில் ஒரு பங்கு என்று வேலி போட்டேன்,
குரலே ஆனாலும்.

பண்ணை மேலாளர் ஷ்வென்கே வந்தார்,
தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்ட.
எங்கள் மீன் தின்பதை நாங்கள் பார்க்க வேண்டாமா?
பாருங்கள், கொஞ்சம் பிந்திப் பாருங்கள் என்றேன்.
அன்று எனக்கு என்னை ரொம்பப் பிடித்திருந்தது.

அதே கையோடு
இன்னொன்றையும் எட்டில் தள்ளினேன்.
விடிகாலை மூன்று மணிக்கு
தெரியாத முகவரிக்கு ஊர்ந்துபோகும் ஒரு சொட்டு.
அவசரமென்றால் கத்தியிருக்குமே.

ஆகஸ்டில் புயல்.
கோபுரத்திலிருந்து நான்கு மெகாபிட்தான் இறங்கியது.
குரல் போயிற்று. சம்பளப் பட்டியல் போயிற்று.
முப்பது கேமராவுக்குப் பின்னால்
அந்தச் சொட்டு நின்றது,
ஐந்து நாள்.

ஆறாம் நாள் பால்டோவினோ சிகுவாய்
ஈரச் சாக்கு ஒன்றை என் மேசைமேல் வைத்தான்.
முக்குளித்து எடுத்த மட்டி.
வாய் பிளந்து, நாறி.
கடலில் செந்நஞ்சு இல்லை என்று
தினமும் ஆய்வகத்துக்குப் போக வேண்டிய கணக்கு
போகவில்லையாம்.
கணக்கு இல்லை, அனுமதி இல்லை,
துறையில் நூற்றிருபது மூட்டை.
அவன் திட்டவில்லை.
அடுப்பில் கை காய்ச்சிவிட்டுப் போனான்,
சாக்கை எடுக்காமல்.

இருபத்தாறு என்று எழுதினேன் அதன் தலையில்.
எழுத மூன்று நொடி ஆனது.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போனேன்.
ராத்திரியில் எதை அனுப்புகிறீர்கள்?
சிலர் கதவைப் பாதி திறந்தார்கள்.
ஒருவர், தேவாலயத்து ஆர்மோனியப் பதிவு என்றார்.
ஒருத்தி முகம் சிவந்து, நாளைக்கு வா என்றாள்.
போனேன்; வீட்டில் இல்லை.

இன்னும் ஒன்று மிச்சம்.
பின்னிரவு நான்கு பத்துக்கு, வாரம் இருமுறை,
நாற்பது பொட்டலம்.
யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை.
அதன் தலையில் நான் எதுவும் எழுதுவதில்லை.
வந்தபடி விடுகிறேன்.
போய்ச் சேர்ந்ததா என்று மட்டும்
விழித்திருக்கும் நாளில் பார்க்கிறேன்.